சித்தப்பா உருட்டிய குண்டு

உருட்டு என்றால் இப்போது பொய் என்று அர்த்தம். யாராவது வாயைத் திறந்து நாலு வார்த்தை பெருமையாகப் பேசிவிட்டால் போதும், “நல்லா உருட்டுறான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். ஐந்தாறு வருடங்களுக்கு முன்னால் செல்போன் வழியாகத்தான் இந்தச் சொல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தது. மற்ற ஊர்களில் அது எல்லோருக்கும் பொதுவான சொல். எங்கள் ஊரில் அது வந்து இறங்கும்போதே அதற்கு ஓர் ஆள் தயாராக இருந்தார். அவர் என் சித்தப்பா. அவரைத் தயார் செய்து வைத்திருந்தவன் நான்.

எனக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உரக்கடை. ஆனால் ஊருக்கு என்னைத் தெரிவது உரத்தால் அல்ல, மைக்கால். காதுகுத்து, கல்யாண வரவேற்பு, வாத்தியார்களின் பணி ஓய்வு விழா, திருவிழாப் பட்டிமன்றம் என்று வல்லம், அனந்தபுரம், மேல்சித்தாமூர் வரைக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். பந்தி தாமதமானால் கூட்டம் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியமான வேலை. அதில் நான் கெட்டிக்காரன். இதைப் பெருமையாகச் சொல்லி வந்த காலம் ஒன்று உண்டு.

சித்தப்பா என் நைனாவின் தம்பி. பத்தொன்பது வயதில் விமானப்படையில் சேர்ந்து, சில வருடங்கள் இருந்துவிட்டு வந்து, பிறகு ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற வேலையில் இருந்தார். அதிகம் பேசமாட்டார். நான் காலேஜில் படிக்கும்போது ஒருநாள், “ஏர்போர்ஸ்ல நீங்க இன்னா வேல பாத்தீங்க சித்தப்பா?” என்று கேட்டேன். பாகிஸ்தானோடு நடந்த எழுபத்தொன்றாம் வருடத்துச் சண்டையைப் பற்றி எங்களுக்குப் பாடத்தில் நாலு வரி இருந்தது, அதனால் கேட்டேன்.

“அது சரக்கு ப்ளேனுடா,” என்றார். “அரிசி, மருந்து, ஜீப்பு இதெல்லாம் ஏத்தினு போறது. சண்ட வந்ததும், குண்டு போடுற ப்ளேனு பத்தல, இதுலயும் ஏத்துங்கன்ட்டாங்க. குண்டு போட அதுல வழி கெடையாது. பின்கதவுதான் வழி. தரையில வரிசையா உருளை இருக்கும். அதும்மேல பலகை. பலகையில குண்ட வெச்சி கட்டியிருப்பாங்க. கதவு தொறந்து பைலட்டு மணி அடிச்சதும் நானும் இன்னொருத்தனும் உருட்டி வுடணும். காத்து இழுக்கும். அதுக்காக இடுப்புல வாரு போட்டு செவுத்தோட கட்டிக்குவோம்.”

அவருடைய இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கும். “விரலு?” என்று கேட்டேன். “அங்கதான்,” என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் அதை நம்பினேன். இதை நான் சொல்லியே ஆக வேண்டும். நம்பாமல் கேலி செய்திருந்தால் விவரம் தெரியாதவன் என்று என்னை விட்டுவிடலாம். நான் முழுக்க நம்பிவிட்டுத்தான் அதைச் செய்தேன்.

அனந்தபுரத்தில் ஒரு காதுகுத்து. பிரியாணி தம் போட்டு இன்னும் திறக்கவில்லை. என்னிடம் இருந்த ஜோக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. கூட்டம் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டது. முன் வரிசையில் சித்தப்பாவும் சித்தியும் உட்கார்ந்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது.

“சத்தியமா சொல்றேன், இது கதையில்ல, நெஜம். எங்க சித்தப்பா ஏர்போர்ஸு. பைலட்டான்னு கேக்காதீங்க. டவுன் பஸ்ஸுல பின்படியில நிக்கிறாரு பாருங்க கண்டக்டரு, அந்த வேல. விசில் அடிச்சி ரைட் ரைட்டுன்னா பைலட்டு ப்ளேன எடுப்பாரு. எதிரி ஊரு வந்ததும் பின்கதவத் தொறந்து குண்ட உருட்டி வுடுவாரு. ஒரு விரலக் காணமே சித்தப்பான்னு கேட்டேன். அது டிக்கெட் எடுக்காம அங்கயே எறங்கிடுச்சிடான்னாரு.”

பந்தல் அதிர்ந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது இவ்வளவு சிரிப்பாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. செஞ்சிக்காரனுக்குக் குண்டு என்றால் கோட்டையில் கிடக்கிற பீரங்கிக் குண்டுதான். உருண்டையாக, காலால் தள்ளினால் உருளும். சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அப்படி ஒன்றை ஆகாயத்தில் பஸ் படியிலிருந்து உருட்டிவிடுவதாக அத்தனை பேரும் மனதில் பார்த்துவிட்டார்கள். அவர் சொன்ன உருளையும் பலகையும் எனக்குத் தெரியும். அவற்றைச் சொன்னால் சிரிப்பு வராது என்று விட்டுவிட்டேன்.

சித்தப்பாவும் சிரித்தார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். பந்தியில் என் பக்கத்து இலையில் சித்தி உட்கார்ந்திருந்தார். சோற்றைப் பிசைந்தபடியே, என்னைப் பார்க்காமல், “உனுக்கு வேற ஆளே கெடைக்கலயாடா?” என்று கேட்டார். நான் அதற்கும் ஏதோ நகைச்சுவையாகப் பதில் சொன்னேன். அதன் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனால் சித்தி எனக்குக் காபி கொடுப்பார், பேசமாட்டார். சாகும்வரை அப்படித்தான் இருந்தார். அவருக்கு வயிற்றில் கோளாறு, அதனால் சிடுசிடுப்பு என்று வெளியே சொல்லிக்கொண்டேன்.

கதை வளர்ந்தது. நாலு இடத்தில் கைதட்டல் வாங்கினதும் அதற்குக் கை கால் எல்லாம் முளைத்தது. சித்தப்பா தோளில் கண்டக்டர் பையும் மாட்டினேன், சில்லறைத் தகராறும் வைத்தேன். மேடை ஏறினால் போதும், “அந்தக் குண்டுக் கதய வுடு” என்று பின்னாலிருந்து குரல் வரும். முப்பது வருடம் இப்படி. இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தனை தடவை சொன்னதில் எனக்கே அது பொய்யாகிவிட்டது. சித்தப்பா ஏதோ மூட்டை தூக்குகிற வேலை பார்த்துவிட்டு, சின்னப் பையன் கேட்கிறான் என்று கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார் என்று நானே நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம் செல்போன் வந்தது. யாரோ என் பேச்சைப் படம் பிடித்துப் போட்டார்கள். அதோடு அந்தச் சொல்லும் வந்து ஒட்டிக்கொண்டது. சித்தப்பா உருட்டுத் தாத்தா ஆனார். ரேஷன் கடையில் வரிசையில் நின்றால், “தாத்தா, பின்கதவு வழியா வாங்க” என்பார்கள். டீக்கடையில் யாராவது சண்டையைப் பற்றிப் பேப்பரில் படித்தால், அவர் பக்கம் திரும்பிக் கண்ணடிப்பார்கள். அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். பேப்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். வயசாகிவிட்டது, நடக்க முடியவில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

போன வருடம் முன்னாள் படைவீரர்கள் சேர்ந்து ஒரு விழா ஏற்பாடு செய்தார்கள். சண்டைக் காலத்தில் குண்டு வீசிய விமானங்களில் பறந்த நம் மாவட்டத்துக்காரர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது, இறந்துபோனவர்களுக்குப் பதிலாக அவர்கள் குடும்பத்தைக் கௌரவிப்பது. திருவண்ணாமலை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். அவர்களுடைய செயலாளர், ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், விழாவைத் தொகுத்து வழங்கச் சொல்லி என் கடைக்கு வந்தார். பேசிவிட்டுக் கிளம்பும்போது கேட்டார்.

“உங்க சித்தப்பா கூட ஏர்போர்ஸுன்னு சொல்றாங்களே சார். எந்த ப்ளேனு? லிஸ்ட்ல சேத்துக்கலாமா?”

கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நாலு பேர் இருந்தால் எனக்கு அது மேடைதான்.

“அவரா? சரக்கு ப்ளேனு சார். மூட்ட ஏத்தி எறக்குனவரு. குண்டெல்லாம் அவரு வாயிலதான் இருக்குது,” என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்துவிட்டு நோட்டை மூடிக்கொண்டார்.

அழைப்பிதழைச் சித்தப்பாவிடம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் மேலே போய்ப் படித்தார். “நல்லது. செய்யட்டும்,” என்றார். “நீ எத்தினி மணிக்கிப் போற?” என்று கேட்டார். வருகிறார் என்று புரிந்தது. அவர் வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.

விழா அன்று வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நாலாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். நான் மேடைக்குப் பக்கத்தில் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு வடநாட்டு அம்மா செயலாளரோடு என்னிடம் வந்தார். அறுபது வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மகன் சென்னையில் வேலை பார்க்கிறானாம். அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி அவருக்கும் போயிருக்கிறது. அதில் செஞ்சி என்ற ஊர்ப்பெயரைப் பார்த்துவிட்டு டாக்ஸி பிடித்து வந்துவிட்டார். அவருடைய அப்பா முந்தின வருடம்தான் இறந்திருக்கிறார். விமானப்படையில் தன்னோடு வேலை பார்த்தவன் ஊர் செஞ்சி, அவனை எப்படியாவது பார் என்று கடைசிக் காலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அந்த அம்மா இந்தியில் சொல்ல, செயலாளர் எனக்குத் தமிழில் சொன்னார்.

பிறகு அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். கறுப்பு வெள்ளை. பெரிய விமானத்தின் பின்பக்கம் அகலமாகத் திறந்திருக்கிறது. உள்ளே தரையில் உருளைகள், அதன்மேல் பலகைகள், பலகைகளில் நீள நீளமாகக் குண்டுகள். முன்னால் இரண்டு வாலிபர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் தலைப்பாகை கட்டியவன். இன்னொருவனுக்குத் தலை நிறைய முடி, இடது கையில் பெரிய கட்டு.

அந்த அம்மா கட்டைக் காட்டி ஏதோ சொன்னார். செயலாளர் படத்தைக் கையில் வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார்.

“ஒரு பலக தடம் மாறி இவங்கப்பா கால் பக்கமா வந்துச்சாம். இவரு கைய வெச்சி நிறுத்தினாராம். ரெண்டு கால்லயும் நடக்கறேன்னா அது அவனாலன்னு சாவுற வரைக்கும் அப்பா சொல்வாராம். இவரத் தெரியுமான்னு கேக்கறாங்க.” படத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். “மூட்டைன்னு சொன்னீங்களே சார்.”

டிக்கெட் எடுக்காமல் இறங்கிப்போன விரல் என்று அதை எத்தனை ஊரில் சொல்லியிருப்பேன். செயலாளர் பட்டியலின் கடைசியில் பேனாவால் சித்தப்பாவின் பெயரை எழுதி என் கையில் கொடுத்தார். “நீங்களே கூப்புடுங்க,” என்றார்.

அந்த நேரத்திலும் எனக்கு ஒரு தெம்பு இருந்தது. மைக்கால் கெடுத்ததை மைக்காலேயே சரி செய்துவிடலாம், இரண்டு நிமிடம் போதும், நான் பேசினால் கூட்டம் கேட்கும் என்று நினைத்தேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

மற்றவர்களை முறைப்படி அழைத்து முடித்தேன். ஒரு விமானியின் மனைவி வந்தார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். எல்லோருக்கும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு சித்தப்பாவின் முறை.

“அடுத்து, என்னுடைய சித்தப்பா...” என்றேன். பின் வரிசைகளில் அப்போதே கசகசவென்று சிரிப்பு கிளம்பியது.

“அவர் சண்டையின்போது ஒரு சரக்கு விமானத்தில்...” என்றதும் சிரிப்பு நடு வரிசைக்கு வந்தது. “பின்கதவைத் திறந்து...” என்றேன். அவ்வளவுதான். மண்டபமே இடிந்துவிடும் போல் ஆனது. யாரோ விசில் அடித்தான். யாரோ “ரைட் ரைட்” என்றான். பத்திருபது செல்போன்கள் மேலே எழும்பின.

“இல்ல, இல்ல. கேளுங்க. சத்தியமா சொல்றேன், இது கதையில்ல, நெஜம்,” என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. அது என்னுடைய ஜோக்கின் முதல் வரி. முப்பது வருடமாக அந்த வரியைச் சொல்லித்தான் அவர்களைச் சிரிக்கப் பழக்கியிருக்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் குரல் உடைந்தது. அதையும் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை இருக்கவில்லை. இருந்த வார்த்தையை எல்லாம் நான் ஏற்கெனவே செலவழித்திருந்தேன்.

சித்தப்பா நாலாவது வரிசையிலிருந்து எழுந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். அவசரமில்லாமல் நடந்து வந்து, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். அந்த அம்மா ஓடிவந்து காலைத் தொட்டார். பிறகு அவருடைய இடது கையை எடுத்து, பாதி விரலைத் தேடிப் பிடித்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். முன் வரிசைக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தினார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

சிரிப்புச் சத்தம் அடங்காததால் அந்த அம்மா கூட்டத்தைக் காட்டிச் சித்தப்பாவிடம் ஏதோ கேட்டார். சித்தப்பா பதில் சொன்னார். அவர் இந்தி பேசி நான் கேட்டதே இல்லை. தடுமாற்றம் இல்லாமல், நிமிர்ந்து நின்று, வேறொரு ஆள்போல் பேசினார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. கூட்டத்தின் பக்கம் திரும்பி, கைகூப்பி, நன்றாகக் குனிந்து வணங்கினார். கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டி விசில் அடித்தது. அவர் மறுபடியும் வணங்கினார். எனக்கு அந்த மேடையிலிருந்து இறங்கி எங்காவது ஓடிப்போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் பொன்னாடைத் தட்டு என் கையில் இருந்தது. சித்தப்பாவுக்கு நான்தான் போர்த்தினேன். அவர் தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.

சாப்பாடு முடிந்து டாக்ஸியில் ஏறும் முன் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு இந்தியில் வெகுநேரம் பேசினார். பேசிக்கொண்டே அழுதார். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியதற்கு நன்றி சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துத் தலையாட்டினேன்.

மண்டப வாசலில் சித்தப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பொன்னாடையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். நான் செருப்பைக் கண்டுபிடித்து அவர் காலடியில் போட்டேன்.

“மேடையில அந்தம்மா இன்னா கேட்டாங்க சித்தப்பா?”

“எதுக்கு இப்டிச் சிரிக்கிறாங்கன்னு கேட்டுது.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

அவர் செருப்பில் காலை நுழைத்தபடியே சொன்னார். “உங்கப்பாவும் நானும் பண்ணது இந்த ஜனம் அத்தினி பேருக்கும் தெரியும்மா, அதான் குஷியாய்ட்டாங்கன்னேன். எப்டித் தெரியும்னு கேட்டுது. மைக்குல பேசறானே, அவன் எங்க அண்ணன் மவன், முப்பது வருசமா ஊர் ஊராப் போயி எங்க கதயத்தான் சொல்லினு இருக்கறான்னேன்.”

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எதற்கு அழுதார் என்று அப்போதுதான் புரிந்தது.

“இதுல பொய் எதுனா இருக்குதா?” என்று கேட்டார். குத்திக் காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார்.

“இல்ல சித்தப்பா,” என்றேன். அந்த இரண்டு வார்த்தையை அவரிடம் சொல்ல எனக்கு முப்பது வருடம் ஆகியிருக்கிறது. அதையும், சண்டையைப் பற்றி அவர் சொன்னதற்கு அல்ல, என் மானத்தைக் காப்பாற்ற அவர் சொன்னதற்குத்தான் சொன்னேன்.